இடதுகையால் ஓடிய பஸ்

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்து நாகேஸ்வரனுக்கு ஆபீஸ் விட்டு வந்தால் இரண்டே காரியம்: கம்ப்யூட்டர் கேமில் பஸ் ஓட்டுவது, முறுக்கு தின்பது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும்.

“எச்சக்கையால கீபோர்டைத் தொடப்படாது” என்றாள் மனைவி ராஜஸ்ரீ.

கீபோர்டுக்கு என்ன ஆசாரம் என்று கேட்க மனுஷனுக்குத் தைரியமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஸ்டியரிங், பிரேக், ஹார்ன் எல்லாவற்றையும் இடதுகைக்கு எட்டும் பட்டன்களுக்கு மாற்றினார். வலதுகை முறுக்கு டப்பாவுக்கென்றே ஆனது. ராஜஸ்ரீ தலையில் அடித்துக்கொண்டாள்.

நேற்று ஒரு வளைவில் பிரேக்கை அழுத்தினார். ஹார்ன்தான் அலறியது, பஸ் பள்ளத்தில் போய் விழுந்தது.

“யார் இதை மாத்தினது?”

“நான்தான். ஹார்ன் என் சுண்டுவிரலுக்கு எட்டலை” என்றாள் ராஜஸ்ரீ, முறுக்கை மென்றுகொண்டே.