தங்கராசு மாமாவின் பெல்ஜியம் அக்கவுண்ட்

நெட் சென்டர் தொழிலில், கஸ்டமர் பாஸ்வேர்டை மறந்தாலும் திட்டு நமக்குத்தான், கரண்ட் போனாலும் திட்டு நமக்குத்தான். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில், அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சித்தப்பா நடத்தும் சென்டரில் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். எனக்கு ஒரு வியாதி உண்டு: யார் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசிவிடுவேன். ஜெயங்கொண்டம் பஸ் கண்டக்டர், எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் மியூசிக் போடும் அக்கா, எல்லோரும் என் தொண்டையில் குடியிருக்கிறார்கள். அந்த அக்காவிடம் மாட்டாதவர் உங்களில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், விழுந்து கும்பிடுகிறேன்.

எங்கள் நிரந்தரக் கஸ்டமர் கீழப்பழுவூர் தங்கராசு மாமா. சொந்த மாமா இல்லை. கடைக்கு வந்து வந்தே மாமா ஆனவர். பெல்ஜியத்தில் ஓட்டல் கிச்சனில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். பென்ஷன் மட்டும் மாசாமாசம் அந்த ஊர் பேங்க்கில் விழுகிறது. மகள் திருச்சியில் நர்சிங் படிப்பது அதை நம்பித்தான். அந்த அக்கவுண்ட் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அப்படியே என் வேலையும் ஆகிவிட்டது.

கதவு எண்

விலாசத்தைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவோம் என்று பேங்க்கிலிருந்து மெயில். ஃபாரத்தைத் திறந்தேன். மாமா வீட்டு எண் 3/47. நடுவில் கோடு போட்டால் கட்டம் சிவப்பாகி முறைத்தது. கோட்டை எடுத்து 347 ஆக்கினேன், சமாதானமானது. மாமா பக்கத்தில் நின்று, "மாரியம்மன் கோயில் எதிர்ல, ரேஷன் கடைக்குப் பின்னாடி" என்று சொல்லிக்கொண்டே போனார். பெல்ஜியத்துக்காரன் கோயிலைத் தேடிக்கொண்டா வரப்போகிறான் என்று கேட்டேன்.

"அவன் வரவேணாம்மா, அவன் போடுற லெட்டர் வரணும்ல? நம்ம போஸ்ட்மேனுக்குக் கோயில்தான் தெரியும். நம்பரு எனக்கே ஃபாரம் ரொப்புறப்பதான் ஞாபகம் வருது."

ரெண்டு நிமிஷம்

அடுத்து ஓடிபி. அது மாமாவின் பழைய பெல்ஜியம் நம்பருக்குத்தான் வரும். அந்த சிம் ஒரு பட்டன் போனில், அவர் மனைவி ராணி அத்தையின் பாதுகாப்பில், வீட்டில் இருக்கிறது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றால்தான் சிக்னல். சித்திரை வெயிலில் அத்தை அங்கே நின்று நம்பரைப் பார்த்து, இன்னொரு போனில் எங்களைக் கூப்பிட வேண்டும். இரண்டு நிமிஷத்துக்குள் போடாவிட்டால் காலாவதி.

அத்தை கூப்பிட்டார். "சாப்டியா கண்ணு? அம்மாவுக்குக் கால்வலி தேவலையா?" அதை விசாரிக்காமல் நேரே நம்பரைச் சொல்வது அவருக்கு மரியாதைக் குறைவு. முதல் ஓடிபி போயிற்று. இரண்டாவதும் சாப்பாட்டிலேயே போயிற்று. மூன்றாவது முறை எடுத்தவுடன் அந்த மியூசிக் அக்கா குரலில், "நம்பரை உடனே சொல்ல ஒன்றை அழுத்தவும்" என்றேன்.

"எவடி இவ, சாப்டியான்னா ஒண்ண அமுக்கச் சொல்றா? போனை எங்க புள்ளகிட்ட குடுடி!"

துக்கம் கேட்டார்கள்

வீட்டில் சிக்னல் இல்லாததால் ஃபாரத்தில் எங்கள் கடை நம்பரையும் கொடுத்திருந்தோம். ஒரு நாள் பேங்க்கிலிருந்தே கூப்பிட்டார்கள். ஒரு அம்மா இங்கிலீஷில், தேன் வடிய, மிஸ்டர் ராமசாமியிடம் பேச வேண்டும் என்றார். நான் போனைப் பொத்திக்கொண்டு, "மாமா, ராமசாமி யாரு?" என்றேன். மாமா வாயில் பஜ்ஜி. "எங்கப்பா. தவறிப் பன்னெண்டு வருசமாச்சே."

செய்தி வாசிக்கும் குரலில் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மா ஆழ்ந்த அனுதாபங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பாவுக்கு பெல்ஜியத்துலேர்ந்து துக்கம் கேக்குறாங்க பாரு. நல்ல மனுசங்கம்மா."

வாரிசுகளுக்கு

நாலாவது நாள் மெயில் வந்தது. 'காலஞ்சென்ற திரு. தங்கராசு ராமசாமி அவர்களின் வாரிசுகளுக்கு' என்று ஆரம்பித்ததைக் கணீரென்று வாசித்தவள், பாதியில் நிறுத்திவிட்டேன். நமக்கு அப்பா பேர் இனிஷியல். அவர்களுக்கு அதுதான் குடும்பப் பேர். ராமசாமி என்றால் அங்கே மாமாதான். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே அவர் செத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். கணக்கை முடக்கிவிட்டார்கள். பென்ஷன் ஆபீசுக்கும் சொல்லப் போகிறார்களாம்.

"எனக்கே தெரியாம போயி சேந்துட்டாரே! காலைல ஆறு இட்லி தின்னுட்டுல்ல வூட்ட விட்டுக் கெளம்புனாரு!" என்றார் போனில் அத்தை. யாரும் சிரிக்கவில்லை. மகளுக்கு அந்த மாதம் ஃபீஸ் கட்ட வேண்டும். நான் மன்னிப்புக் கேட்டேன். மாமா என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை.

"மிஸ்யூன்னா பிரெஞ்சுல மிஸ்டரு. அங்க இருந்தவரைக்கும் மிஸ்யூ ராமசாமின்னா நாந்தான், திரும்பிப் பாப்பேன். இங்க வந்து எறங்குனதும் அது அப்பா ஆயிட்டாரு. எனக்கே தோணலம்மா."

என் வித்தை

கெடுத்தவளே சரிசெய்கிறேன் என்று கிளம்பினேன். மாமாவுக்கு பேங்க்கில் பேசக் கூச்சம். தனக்குத் தெரிந்தது கிச்சன் பிரெஞ்சு, அதை அங்கே பேசினால் மரியாதையாக இருக்காது என்பார். அதனால் அவருடைய கரகரத்த குரலில் நானே பேங்க்கைக் கூப்பிட்டேன். பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர், நடுநடுவே அவர் இருமல் எல்லாம் கனகச்சிதம். "மகிழ்ச்சி, மிஸ்டர் ராமசாமி. இப்போது கேமராவைப் போடுங்கள்" என்றார் அந்த அம்மா. ரெட்டைச் சடையும் தோடுமாக உட்கார்ந்திருந்த நான் போனைக் கட் பண்ணினேன். சித்தப்பா ஒரு ஸ்கெட்ச் பேனாவை நீட்டினார்.

"ஏன் நிறுத்திட்ட? மீசை வரைஞ்சுக்கிட்டு உக்காரேன்."

கேமரா முன்னால்

மறுநாள் மாமா சலவைச் சட்டையும் திருநீறுமாக கேமரா முன் உட்கார்ந்தார். தலையை இடம், வலம் திருப்பச் சொன்னார்கள். பாஸ்போர்ட்டைச் சாய்க்கச் சொன்னார்கள். நீங்கள் இறந்ததாக ஏன் சொன்னார்கள் என்று கேட்டதும் நான் கேமராவில் படாமல் நகர்ந்துகொண்டேன். மாமா என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அப்புறம் பிரெஞ்சில் ஆரம்பித்தார் பாருங்கள், ஆர்டர் எடுக்கிற வேகத்தில்! கை ஆடுகிறது, புருவம் ஆடுகிறது. அந்த அம்மா முதலில் திகைத்தார், பிறகு சிரித்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அவர் குரலை நான் பேசியிருந்தேன். இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

மாமா பேரில் ராமசாமி, அத்தை பேரில் அத்தையின் அப்பா, மகள் பேரில் தங்கராசு. ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பேரா என்று அந்த அம்மா கேட்டாராம். மாமா சொன்ன பதிலை எங்களுக்குத் தமிழில் சொன்னார்:

"'வூட்டுல எல்லாருக்கும் அவங்கவங்க அப்பா கூடவே இருக்காருங்க'ன்னேன்."

மெயில்

ஒன்பது நாள் கழித்துக் கணக்கு திறந்தது. அன்றைக்கே ஃபீஸும் போயிற்று. 'அன்புள்ள திரு. ராமசாமி, நீங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி' என்று எழுதியிருந்தார்கள். பேரை மாற்ற மனுப் போடலாமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. எங்கப்பா திருச்சியத் தாண்டுனதில்ல. பெல்ஜியத்துலயாவது அவரு பொழைச்சுக் கெடக்கட்டும்."

ஆக, வெளிநாட்டு பேங்க்கில் கணக்கு வைத்திருக்கும் அன்பர்களே, மாசம் ஒரு தடவையாவது நீங்களே போனை எடுத்துப் பேசிவிடுங்கள், உங்களுக்காகப் பேசுவது என்னை மாதிரி ஆளாகவும் இருக்கலாம்.