கைப்பைக்குள் நான்கு மாதம் கிடந்த கடிதம்

தாதித் தொழிலில் நாடி பிடிக்கப் பழக ஒரு கிழமை போதும், "ஏலாது" என்று சொல்லப் பழக எனக்குப் பதினான்கு வருடமும் போதவில்லை. மாதா மாதம் சுவரில் ஒட்டுகிற டியூட்டி ரோஸ்டரைப் பார்த்த பிறகுதான் அந்த மாதம் சிரிப்பதா அழுவதா என்று முடிவெடுக்கிற தாதிமாரே, உங்களிடம் சொல்லாமல் இதை நான் வேறு யாரிடம் சொல்வது?

புத்தளம் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி என்னைக் கேட்டிருந்தது. நிரந்தர வேலை இல்லை. கூப்பிடுகிற நாளைக்குப் போனால் அன்றைய சம்பளம், போகாவிட்டால் ஒன்றும் இல்லை. இங்கே என்னுடையது கடலோரத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி, பென்ஷன் உள்ள வேலை. கணவர் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். எங்கள் ஒன்பது வயது மகள் ஹஸ்னா பாதி நாள் குறிஞ்சிப்பிட்டியில் அவருடைய தங்கை வீட்டில்தான் வளர்கிறாள். இராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கைப்பைக்குள் வைத்தேன். கொடுக்கவும் மனம் வரவில்லை, கிழிக்கவும் மனம் வரவில்லை. நான்கு மாதத்தில் மடித்த இடம் தானாகவே கிழியத் தொடங்கிவிட்டது.

மூன்று வார்டுக்கு ஒரு வாய்

எங்கள் டொக்டர்மாருக்குப் பெரும்பாலும் சிங்களம், நோயாளிகளுக்குப் பெரும்பாலும் தமிழ். இரண்டும் தெரிந்த தாதிமார் மூன்று பேர் இருந்தோம். ஒருத்தி வெளிநாடு போனாள், ஒருத்தி மாற்றலாகிப் போனாள், மிஞ்சியது நான். இங்கே ஒருவருக்குப் புண் கட்டிக்கொண்டிருப்பேன், பக்கத்து வார்டிலிருந்து "மிஸ், கொஞ்சம் வந்து கேட்டுச் சொல்லுங்க" என்று ஆள் வந்து நிற்கும். அந்த வேலை எந்த ரோஸ்டரிலும் இல்லை.

என் லீவு நாளொன்றில் மீன்பிடிக்கிற ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற மூத்தவர், நெஞ்சு நோவோடு வந்து படுத்திருக்கிறார். டொக்டர் சிங்களத்தில் கேட்டதற்கெல்லாம் பயத்தில் "ஓம் ஓம்" என்று தலையாட்டியதில், வயிற்றெரிச்சலுக்கு மருந்து எழுதிவிட்டார்கள். மறுநாள் காலை நான் கேட்டபோதுதான் நோவு இடது கை வழியாக இறங்குகிறது என்றார். ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்து, ஈசீஜீ எடுத்து, அம்புலன்ஸில் ஏற்றிப் புத்தளத்துக்கு அனுப்பினோம். எப்படியோ பிழைத்துக்கொண்டார். நான் அந்த ஒருநாள் லீவை நினைத்து நினைத்துக் குமைந்துகொண்டிருந்தபோது, கிளினிக்குக்கு வந்தவர் என்னைத் தேடிப்பிடித்துச் சொன்னார்:

"மிஸ், நீங்க லீவு எடுக்கிறண்டா முன்னுக்கே செல்லிப்போடுங்க. நாங்க வேற நாளைக்கு நோவு எடுத்துக்கிறம்."

தெரியாத பிறை

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சித்திரைப் புத்தாண்டுக்கு நாங்கள் நின்று சிங்களப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவோம், நோன்புப் பெருநாளைக்கு அவர்கள் நின்று எங்களை அனுப்புவார்கள். போன ஏப்ரலில் என்னோடு வேலை செய்யும் குமாரிக்காக இரண்டு நாள் நின்றேன். அதற்குப் பதிலாகப் பெருநாளன்று எனக்கு அவள் நிற்க வேண்டும். ரோஸ்டர் போடுவதோ மாத முடிவில். முதல்நாள் பிறை கண்டால்தான் பெருநாள், அது திங்களா செவ்வாயா என்று யாருக்குத் தெரியும்? நான் துணிந்து திங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். ஹஸ்னாவிடமும் அன்றைக்கு உம்மா நான் வீட்டில்தான் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிறு மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஊரே வானத்தைப் பார்த்தது. பிறை தெரியவில்லை. திங்கள் முழுவதும் முப்பதாவது நோன்போடு வீட்டில் சும்மா இருந்தேன். செவ்வாய் விடியற்காலை, பிள்ளை புது உடுப்புக்குள் கை நுழைக்கும்போது நான் யூனிஃபோர்முக்குள் கை நுழைத்தேன். அவளே என் கைப்பையை எடுத்து நீட்டினாள். சண்டை பிடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். திங்கள் எனக்காக நின்ற குமாரியும் ஆனமடுவையில் உள்ள தன் வீட்டுக்குப் போய்விட்டாள், கெஞ்சியும் பார்க்க முடியவில்லை. மறுநாள் வந்தவள் உண்மையான கவலையோடுதான் தன் சிங்களத்தில் கேட்டாள்:

"அக்கே, எங்கட அவுருது, புத்தாண்டுக்கு அடுப்பு மூட்டுற நேரம்கூட முன்னுக்கு அச்சடிச்சு வரும் தானே. உங்கட பெருநாளயும் யாரிட்டயாவது கேட்டுச் சொல்ல ஏலாதா?"

ஒருநாள் மிஸ்

சரி, போய்த்தான் பார்ப்போம் என்று ஓர் ஓய்வு நாளில் பாலாவிச் சந்தியில் பஸ் மாறி அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குறை சொல்லக் கூடாது, நல்ல இடம். தாதிக்கென்று ஒரு கதிரை இருந்தது, அதில் உட்காரவும் நேரம் இருந்தது. ஆனால் மாலைவரை என் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. "இண்டைக்கு வந்த மிஸ்" என்றே அழைத்தார்கள். நான் சேலைன் ஏற்றிய வயோதிபர், நாளைக்கும் நீங்களா வருவீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

அங்கே நிஸா இருந்தாள். என்னோடு ஒன்றாகப் படித்தவள், இரண்டு வருடத்துக்கு முன் அரசாங்க வேலையை விட்டு இப்படி நாள் வேலைக்கு வந்தவள். மதுரங்குளியிலிருந்து வந்துபோகிறாள். தேநீர் குடிக்கும்போது பெருநாளைக்காவது வீட்டில் இருக்கலாம்தானே என்று ஆசையாகக் கேட்டேன். கோப்பையை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"பெருநாளண்டுதான் இங்க நிரந்தரமா உள்ளவங்க எல்லாம் லீவு, அண்டைக்குத்தான் நம்மளத் தேடுவாங்க. ஏலா எண்டு செல்லிப் பாருங்க, அடுத்த மாசம் போனே அடிக்காது."

லாச்சிக்குள் போன்

அதோடு கடிதத்தைக் கிழித்திருப்பேன். அதற்குள் ஹஸ்னா பள்ளிக்கூடத்தில் விழுந்து மோவாயை உடைத்துக்கொண்டாள். டீச்சரும், அவளை வளர்க்கிற மாமியும் அவளை எங்கே கொண்டு வந்தார்கள் தெரியுமா? என் ஆஸ்பத்திரிக்கே. கீழே என் பிள்ளைக்கு மூன்று தையல் போடுகிறார்கள். மேலே நான் யாரோ ஒருவருடைய வயிற்று நோவைச் சிங்களமாக்கிக்கொண்டிருக்கிறேன். மாமி எடுத்த மூன்று அழைப்பும் வேலை நேரத்தில் போனைப் போட்டு வைக்கிற என் மேசை இழுப்பறையில், அந்த லாச்சிக்குள்ளேயே அடித்து ஓய்ந்திருந்தன. தகவல் சொல்ல மேலே அனுப்பிய ஆள் வேறு வார்டுக்குப் போய்த் தேடியிருக்கிறார்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போய் அவள் முகத்தில் போட்டிருந்த கட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நன்றாக அழுதேன், மறைக்கவில்லை. மறுநாள் டீச்சரிடம், எனக்கு ஏன் முதலில் எடுக்கவில்லை என்று கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"நான் உம்மாட நம்பரத்தான் கேட்டன் மிஸ். 'உம்மாட போன் லாச்சிக்குள்ள கெடக்கும், மாமிக்கு எடுங்க டீச்சர்' எண்டு புள்ளதான் செல்லிச்சி."

மேட்ரனின் மேசை

எந்தப் பக்கம் விழுந்தாலும் அடிதான் என்றால், பிள்ளையின் பக்கமாக விழுவோம். தனியார் ஆஸ்பத்திரி கூப்பிடாத நாளாவது அவளோடு இருக்கலாமே. நெஞ்சு நோவு நானாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. வந்தாலும் வரட்டும் என்று கடிதத்தைத் தலைமைத் தாதியான மேட்ரனிடம் நீட்டினேன். ஹஸ்னாவிடம், இந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உம்மா வீட்டில் இருப்பேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

மேட்ரன் நல்ல மனுஷி. முழுவதையும் வாசித்தார், கிழிந்த மடிப்பைத் தடவிவிட்டார், நான்கு மாதம் யோசித்தேன் என்றதும் தலையாட்டினார். பிறகு லாச்சியைத் திறந்து, அங்கே முன்னமே கிடந்த இரண்டு கடிதத்துக்குக் கீழே என்னுடையதையும் வைத்து மூடினார்.

"நல்லா யோசிச்சுத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா பதிலுக்கு ஆள் வந்தாத்தான் விடச் சொல்லி மேலிடத்து உத்தரவு, உங்களுக்கு முன்னுக்கும் ரெண்டு பேர் இருக்கு. அதுவரைக்கும் ஹஜ்ஜுக்கு எந்த நாள் எண்டு பார்த்து யாரோடயாவது மாத்திக்கங்க."

பதினான்கு வருடமாக ஊரெல்லாருக்கும் டியூட்டி மாறிக் கொடுத்த எனக்கு, இந்த உத்தியோகத்தை விட்டு வீட்டுக்குப் போகவும் மாறிக்கொள்ள ஒருத்தி கிடைக்க வேண்டுமாம்.