வாசித்துக் காட்டாத புத்தகம்

மங்கையர்க்கரசி இறந்த செய்தி எனக்குத் தட்டச்சு வேலையாக வந்தது.

அன்று காலை கட்கியிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து, அலுவலகத்துக்குள் நுழைந்து பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. இயக்குநரின் உதவியாளர் ஒரு தாளை மேசைமேல் வைத்து, சாப்பாட்டு நேரத்துக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இரங்கல் கூட்டத்துக்கான அழைப்பு. ‘பழங்குடி மக்களின் உற்ற தோழி, நம் நிலையத்தின் பெருமை’ என்று தொடங்கியது. பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தது. பழக்க தோஷத்தில் முதலில் அதைத் திருத்தினேன். பிறகுதான் அது யாருடைய பெயர் என்று உறைத்தது. விமான் நகரில் தனியாக இருந்த வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். மீதி வரிகளையும் அடித்துக் கொடுத்தேன். அது என் வேலை.

இந்த மலரைப் படிக்கும் பூனா தமிழர்களில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். கட்கியில் நம் பொங்கல் விழாவுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பாடு ஆனதும் யாரிடமும் சொல்லாமல் போய்விடும் கோயம்புத்தூர் அம்மா. திமிர் பிடித்தவர் என்று பலர் சொல்வார்கள். என்னால் அதை முழுதாக மறுக்க முடியாது. ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள் நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த ஆய்வு நிலையத்தில் தட்டச்சராகச் சேர்ந்தபோது, நிமிர்ந்து பேசவே பயமாக இருக்கும். அவர் அறையில்தான் என் மேசை. முதல் வாரமே நான் அடித்த பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, “இதுல இருந்த கமாவெல்லாம் எங்க கண்ணு? பசியில தின்னுபோட்டியா?” என்றார். தமிழ் கேட்ட சந்தோஷத்தில் திட்டு வாங்கியதே தெரியவில்லை. மராத்திக்காரர்கள் அவர் பெயரைச் சொல்ல முடியாமல் மங்காதாயி ஆக்கிவிட்டிருந்தார்கள். மராத்தியில் தாயி என்றால் அக்காதான், நான் மங்காக்கா என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவருடைய ஆய்வு மலைமேல் இருக்கும் ஓர் ஆதிவாசிக் குடியிருப்பைப் பற்றியது. அந்த ஊரின் பெயரை நான் எழுதவில்லை. அந்த மக்களின் பெயரையும் எழுதவில்லை. ஏன் என்பது படித்துக்கொண்டே வந்தால் விளங்கும். கால்வலி வந்த பிறகு, ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வர என்னையும் உடன் அழைத்துப்போவார். அரசு எஸ்.டி. பஸ் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ஏற்றம். அந்த ஊரில் யார் வந்தாலும் முதலில் ஒரு செம்பு தண்ணீர் வரும். குடித்து முடிக்கும்வரை எதற்கு வந்தாய் என்று கேட்கமாட்டார்கள்.

மங்காக்காவின் வேலை முறை எங்கள் நிலையத்தில் வேறு யாருக்கும் கிடையாது. ஓர் அத்தியாயம் எழுதி முடித்தால் அதை எடுத்துக்கொண்டு அதே ஊருக்குத் திரும்பப் போவார். பள்ளிக்கூட வாசலில் எல்லாரையும் உட்காரவைத்து, எழுதியதை மராத்தியில் சொல்லி வாசித்துக் காட்டுவார். அவர்கள் வேண்டாம் என்பதை அங்கேயே பென்சிலால் அடித்துவிடுவார். ஒரு முறை தோண்டிபா என்பவர் பாதியில் கையைத் தூக்கினார்.

“என் மச்சான் சோம்பேறின்னு போட்டிருக்கியே, அதை யார் சொன்னது?”

“நீங்கதான் சொன்னீங்க.”

“அது போன வருஷம். இப்ப உழவுக்கு மாடு இரவல் குடுத்திருக்கான். அடிச்சிடு.”

“மாட்டைத் திருப்பிக் குடுத்ததும் மறுபடி எழுதிக்கலாமா?” என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். ஊரே சிரித்தது. மங்காக்கா அந்த வரியை அடித்துவிட்டு, அடித்த இடத்தை அவரிடம் காட்டினார். தோண்டிபாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

இது வீண்வேலை என்று இயக்குநர் நினைத்தார். ஆய்வுக்கு ஒப்புதல் தொடக்கத்திலேயே வாங்கியாயிற்று, கைநாட்டு கோப்பில் இருக்கிறது என்பார். மங்காக்கா ஒரு கூட்டத்தில் அவர் முகத்துக்கு நேரே சொன்னார்: “அனுமதிங்கறது ஒரு தடவை வாங்கி அலமாரியில வெக்கற சாமான் இல்ல. அவங்க சொன்னதை நாம எழுதறது பாதி வேலை. நாம எழுதினதை அவங்ககிட்டச் சொல்றதுதான் மீதி.” இயக்குநர் சிரித்துக்கொண்டே மற்றவர்களைப் பார்த்து, “தாயி ஆய்வு எழுதவில்லை, கணக்கு வாத்தியாரிடம் நோட்டுத் திருத்த எடுத்துப்போகிறார்” என்றார். அவர்களும் சிரித்தார்கள்.

அந்த ஊருக்குமேல் ஒரு கோயில்காடு உண்டு. தேவ்ராய் என்பார்கள். வெட்டக்கூடாத காடு. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் ஒரு வேர் அங்கே இருந்தது. அந்த ஊரில் சகூபாய் என்பவரின் குடும்பத்துப் பெண்கள் மட்டும்தான் அதைத் தோண்டுவார்கள். எடுத்த வேரின் நுனியைக் கிள்ளி அதே குழியில் புதைத்துவிட்டுத்தான் மண் மூடுவார்கள். சகூபாய் இதையெல்லாம் மங்காக்காவுக்குச் சொன்னார். காட்டுக்குள் அழைத்துப்போயும் காட்டினார். மங்காக்கா சகூபாய் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு வரைபடம்கூடப் போட்டுக்கொண்டார். வாசித்துக் காட்டியபோது சகூபாய் நிறுத்தினார். “வேர் இருக்குன்னு எழுது. எந்த மரத்தடி, எந்தப் பக்கம், எப்படித் தெரிஞ்சுக்கறது, அதெல்லாம் வேணாம்.” கிட்டத்தட்ட அத்தியாயம் முழுவதும் போயிற்று. படமும் போயிற்று. நல்ல அத்தியாயம் அது. அவருக்கும் வருத்தம் இருந்திருக்கும். அடுத்த நாள், பென்சிலால் அடிக்கப்பட்ட வரிகள் இல்லாமல் புதுப்படி எடுக்கச் சொன்னார், எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வருடம் அவருடைய அப்பா சாகக் கிடந்தார் என்று கோயம்புத்தூர் போனார். உயிர் உடனே போகவில்லை, இழுத்துக்கொண்டிருந்தது. இங்கே நிதி கொடுத்தவர்கள் புத்தகம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் கோப்பிலிருந்து முதல் படியை எடுத்து அச்சுக்குக் கொடுத்துவிட்டார். வாசித்துக் காட்டுவதற்கு முந்தைய படி. அதுதான் முழுமையாக இருக்கிறது என்றாராம். மங்காக்கா காரியமெல்லாம் முடித்துத் திரும்பிய அன்று, இயக்குநரே பூங்கொத்தோடு புத்தகத்தை அவர் கையில் கொடுத்தார். “உங்கள் பெயரை மட்டும்தான் போட்டிருக்கிறேன் தாயி. என் பெயரைக்கூடப் போடவில்லை.”

அதை அவர் மரியாதையாகத்தான் செய்தார். இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறார்.

மங்காக்கா நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். வரைபடம் இருந்த பக்கத்தில் நிறுத்தினார். “சார், இது நான் வேணாம்னு அடிச்சது” என்றார். “ஆங்கிலப் புத்தகம்தானே, யார் படித்துவிடப் போகிறார்கள்?” என்றார் இயக்குநர்.

படித்தார்கள். அடுத்த மழை விட்டதும் ஒரு டெம்போவில் ஆட்கள் வந்தார்கள். யார் அனுப்பிய ஆட்கள் என்று இன்றுவரை தெரியாது. புத்தகத்தை நனையாமல் பாலிதீன் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்களாம். எந்த மரம், எந்தப் பக்கம் என்று யாரிடமும் கேட்கவேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை.

செய்தி கேட்டு நாங்கள் போனபோது காடு குழிகுழியாகக் கிடந்தது. ஒரு குழியும் மூடப்படவில்லை. சகூபாய் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. தண்ணீர் வரவில்லை. மங்காக்கா வெயிலிலேயே உட்கார்ந்தார்.

“நான் அதை எழுதல சகூபாய். நீ சொன்னப்பவே அடிச்சிட்டேன்.”

“அவங்க கொண்டுவந்த புத்தகத்துல படத்தைப் பார்த்தேன். நீ இங்க உக்காந்து போட்ட படம்தானே?”

“ஆமா.”

“புத்தகத்து மேல இருக்கற பேரு உன் பேரா, இல்லையா?”

“என் பேருதான்.”

“அப்புறம் என்ன?”

சகூபாய் முறத்தைக் கையில் எடுத்தார். புடைக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வெயில் சாய்ந்ததும் எழுந்து நடந்தோம். பஸ் நிறுத்தத்தில் சோடா வாங்கிக் கொடுத்தேன். மங்காக்கா வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். குடிக்கவில்லை.

புத்தகத்தைத் திரும்பப் பெறச் சொல்லி அவர் இயக்குநரிடம் போராடிப் பார்த்தார். நடக்கவில்லை. பூனாவின் புத்தகக் கடைத்தெருவான அப்பா பல்வந்த் சௌக்கிலிருந்து டெக்கான் வரை கடை கடையாக ஏறி, கண்ணில் பட்ட படிகளையெல்லாம் தானே வாங்க ஆரம்பித்தார். மூட்டை மூட்டையாக எங்கள் வீட்டுக்கும் வந்தது. அவர் வீட்டில் வைக்க இடமில்லை. என் அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. “இன்னாடி இது, அந்தம்மா எழுதன புக்க அந்தம்மாவே வாங்கினு வருது? வேற எவனும் வாங்கலியா? பாவம்டி.” நாங்கள் அவற்றைப் பின்கட்டில் வெந்நீர் அடுப்பில் போட்டோம். நல்ல தாள், சீக்கிரம் பற்றாது. அம்மா அதற்கும் முணுமுணுத்தாள்.

கடைகளில் புத்தகம் தீர்ந்துவிட்டது என்று நிலையத்துக்குத் தகவல் வந்தது. இவ்வளவு வேகமாக விற்ற ஆய்வுநூல் இதுவரை இல்லை என்று இயக்குநர் எல்லாருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் பதிப்பு போட்டார்கள். இந்த முறை படத்தை வண்ணத்தில் போட்டார்கள்.

மங்காக்கா பேடாவை வாங்கி என் மேசையில் வைத்துவிட்டு ராஜினாமாவை எழுதினார். அடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டியபோது, “இதுலயாவது கமாவை விட்டுவெய்யி கண்ணு” என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

பிறகு விமான் நகரில் ஒரு கால்சென்டர் பிள்ளைகளுக்கு ஆங்கில உச்சரிப்புச் சொல்லிக்கொடுக்கப் போனார். மலையிலும் காட்டிலும் திரிந்த ஆள், குளிர்பதன அறையில் நின்று, கண்ணுக்குத் தெரியாத அமெரிக்கர்களுக்கு எப்படிக் காலை வணக்கம் சொல்வது என்று பாடம் எடுத்தார். ஒவ்வொரு வருடமும் மழை விட்டதும் அந்த ஊருக்குப் போவார். சகூபாயின் வாசலில் உட்காருவார். திரும்பி வருவார். என்ன நடந்தது என்று சொல்லமாட்டார். நானும் கேட்டதில்லை.

இனி அந்த இரங்கல் கூட்டத்துக்கு வருகிறேன். அவருடைய படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். படத்தின் காலடியில் அந்தப் புத்தகத்தை வைத்து, அதன்மேலும் ஒரு சரம் பூ. பேசியவர்கள் எல்லாரும் அதைத்தான் புகழ்ந்தார்கள். அவர் ஏன் வேலையை விட்டார் என்று ஒருவரும் சொல்லவில்லை. உடல்நலம் காரணமாக என்றார் ஒருவர். கடைசியில் இயக்குநர் எழுந்து, தாயியின் நினைவாக மூன்றாம் பதிப்பு வரும் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டக்கூடாது என்பதுகூடச் சிலருக்குப் பாதியில்தான் நினைவு வந்தது.

அடுத்த நாள் பழைய புத்தகம் கணினியில் புதிதாக அடிக்க என் மேசைக்கு வந்தது. நான் இயக்குநர் அறைக்குப் போனேன். இத்தனை வருடத்தில் கூப்பிடாமல் போனது அதுதான் முதல் தடவை.

“வாசித்துக் காட்டியாயிற்றா சார்?”

“யாருக்கு?” என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

புத்தகத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வேறு யாரோ அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அடிக்காததால் எதுவும் நின்றுவிடவில்லை. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக மலைக்குப் போனேன். சகூபாய் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்ச் செம்போடு வந்தார். குடித்து முடித்த பிறகு செய்தியைச் சொன்னேன். செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “அந்தப் புத்தகம்?” என்றார்.

“மறுபடியும் போடறாங்க.”

“யார் பேர்ல?”

“அவங்க பேர்லதான்.”

“செத்தவளையும் விடலியா” என்றார்.

பையிலிருந்து தாள்களை எடுத்தேன். நீங்கள் இப்போது படிக்கும் இந்தக் கட்டுரைதான். என்னுடையது கட்கிச் சந்தை மராத்தி. தட்டுத்தடுமாறி முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். தோண்டிபாவின் மச்சான் வரும் இடத்தில் லேசாகச் சிரித்தார். அது இருக்கட்டும் என்றார், மச்சானும் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றார். தன் பெயரை மாற்றச் சொன்னார். மாற்றியிருக்கிறேன். அவர் வாசலில் நடந்த பேச்சை அப்படியே விடச் சொன்னார். இப்போது நடந்த பேச்சையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

ஒரு பத்தியில் மட்டும் கையைத் தூக்கினார். போன வருடம் மங்காக்காவுக்குக் கால் ரொம்ப மோசமாகி, துணைக்கு நான் போயிருந்தேன். அந்த வாசலில் அன்று நடந்ததைப் பற்றிய பத்தி அது.

“அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. அடிச்சிடு.”

மங்காக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்த ஒரு பழக்கம்தான். அங்கேயே பென்சிலால் அடித்தேன். அடித்த இடத்தை அவரிடம் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

மங்காக்காவுக்கு அந்த வாசலில் மறுபடியும் தண்ணீர் கிடைத்ததா இல்லையா என்பது அந்தப் பத்தியில் இருந்தது.