விழித்திரையில் ஒரு ஓட்டை, சலூனில் ஒரு நாற்காலி

சலூன் தொழிலில் கத்தரிக்கோல் மழுங்கினால் சாணை பிடித்துக்கொள்ளலாம், தோள் வலித்தால் தைலம் தேய்த்துக்கொள்ளலாம், கண் போனால் மட்டும் கடையைப் பூட்ட வேண்டியதுதான். கீரனூரில் திருச்சி ரோட்டோரம் என் கடை. காலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், முகத்தில் பாதி நுரையோடு வாட்சைப் பார்க்கும் ஆட்கள்தான் என் வாடிக்கையாளர்கள். கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி வரிசையாக உட்கார்ந்தவர்களே, பக்கத்து ஆள் தும்மினால்கூட நர்ஸ் நம் பெயரைத்தான் கூப்பிடுகிறார் என்று எழுந்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மூக்கைக் காணோம்

முடி வெட்டும்போது கண்ணில் துணுக்கு விழுவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். அன்றைக்குப் பக்கத்து டீக்கடை ரெங்கசாமிக்குக் கிராப் வெட்டிக்கொண்டிருந்தேன். இடது கண்ணில் முடி விழுந்து உறுத்தியது. அந்தக் கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கண்ணாடியைப் பார்த்தேன். ரெங்கசாமியின் காது இருந்தது, தலை இருந்தது, கழுத்தில் கட்டிய துணி இருந்தது. முகத்தின் நடுவில் மட்டும் ஈரக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டது போல ஒரு அழிப்பு. மூக்கே இல்லை.

நாற்காலியைத் திருப்பி ஆளை நேராகவே பார்த்தேன். அப்போதும் இல்லை. வாசல் நிலை நடுவில் வளைந்து நின்றது. இடது கண்ணைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது, மூடினால் மறுபடி அழிந்தது. திறந்து திறந்து மூடிக்கொண்டு அவர் முகத்துக்கு வெகு அருகில் நின்றிருக்கிறேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ரெங்கசாமி சொன்னார்: "கண்ணுல முடி விழுந்தா ஊதிவிடச் சொல்லுவாங்க. நீங்க என்னண்ணே, எம்மூஞ்சியில எதையோ தொலைச்ச மாதிரி தேடுறீங்க?"

பஞ்சர்

விஷயத்தைச் சொன்னதும் அவர்தான் பாதிக் கிராப்போடு எழுந்து என்னைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மீதிப் பாதியை எதிர்க்கடையில் வெட்டிக்கொண்டாராம். என் மனைவி வளர்மதியும் கூட வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு நிதானமாக விளக்கினார். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் விழித்திரையின் நடுப்புள்ளியில் ஓட்டை விழுந்திருக்கிறது. வயதானால் சிலருக்கு இப்படி வரும். ஓரமெல்லாம் தெரியும், நேராகப் பார்ப்பது மட்டும் போய்விடும். ஆப்பரேஷன் செய்து உள்ளே வாயுவைக் குமிழியாக நிரப்பினால், அது அழுத்தி ஓட்டையை மூடவைக்கும். "முழுசா வந்துரும்னு நான் சொல்ல மாட்டேன். ஓட்டை மூடுச்சுன்னா மெல்ல மெல்லத் தெளியும். மாசக்கணக்கா ஆகும்" என்றார். ஊரார் கழுத்தில் கத்தி வைக்கிற வேலை என்னுடையது. அரைக்கண் பார்வையோடு அதைச் செய்ய முடியாது.

வளர்மதி கேட்டாள். "பஞ்சர் ஒட்டிக் காத்தடிக்கிற மாதிரிங்களா டாக்டர்?" டாக்டர் சிரித்துவிட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். வளர்மதி என் பக்கம் திரும்பினாள்: "கேட்டீங்கள்ல? வண்டியவே தூக்கிப் போடச் சொல்லல. பஞ்சர்தானாம்."

தலையைக் குனிங்க

ஆப்பரேஷன் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரத்துப்போக ஊசி போட்டார்கள், யாரோ தூரத்தில் பேசுவது போலக் கேட்டது, முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை ஆரம்பித்தது. குமிழி மேலே மிதக்குமாம். அது ஓட்டையின் மேல் போய் உட்கார வேண்டுமென்றால் நம் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டுமாம். சாப்பிடும்போதும் குனிந்திருக்க வேண்டும், தூங்குவதென்றால் குப்புறத்தான்.

ஆயுசெல்லாம் நான் பிறரிடம் சொன்ன வார்த்தையை அன்றைக்கு என்னிடம் சொன்னார்கள். யாராவது பேசினால் நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் என்னை விடவில்லை. அறந்தாங்கிப் பக்கத்து நர்ஸ் ஒருவர் வந்து நின்றார். "அண்ணே, ஒங்க கடைக்கு வர்ற ஆளு தலைய ஆட்டிக்கிட்டே இருந்தா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார். காது போயிரும்னு சொல்லுவேன் என்றேன். அவர் என் பிடரியில் மெதுவாகக் கை வைத்து அழுத்தினார்: "இங்க கண்ணு போயிரும். குனிங்க."

பஸ்ஸில் துக்கம்

வீட்டுக்குத் திரும்பும்போது முன் சீட்டுக் கம்பியில் துண்டை மடித்து வைத்து, அதில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தேன். கண்ணில் கட்டு இருப்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. வெறுங்கூடையோடு ஏறிய ஒரு அம்மா வளர்மதியிடம் தணிந்த குரலில், "வீட்டுல யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். ஒருத்தருமில்லை, கண் ஆப்பரேஷன், ஒரு வாரம் குனிந்தே இருந்தால்தான் பார்வை வரும் என்று இவள் சொன்னாள்.

அந்த அம்மா தன் சும்மாட்டுத் துணியைப் பிரித்து என் நெற்றிக்குக் கீழே இன்னொரு மடிப்பாக வைத்தார். டிரைவரிடம் போய்ப் பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்லிவிட்டும் வந்தார். குண்டும் குழியுமான பாதையிலும் பஸ் குலுங்காமல்தான் போனது. இறங்கும்போது துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு சொன்னார்: "குனிஞ்சிருந்தா கண்ணு வருமாக்கும்? காலமெல்லாம் குனிஞ்சுதான் நாத்து நடுறேன், எனக்கு எப்பவோ வந்திருக்கணுமே."

எதிர்க்கடைக்காரர்

வீட்டில் வளர்மதி ஒரு மேசையில் இரண்டு தலையணையை இடைவெளி விட்டு வைத்து, மூக்குக்கு வழி பண்ணிக் கொடுத்தாள். அதில் முகத்தைப் புதைத்து இடது கண்ணால் தரையைப் பார்த்துக் கிடந்தேன். பார்க்க வருகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும். பின்மண்டையை வைத்தே ஊரில் பாதிப்பேரை அடையாளம் சொல்லிவிடுவேன். பாதத்தை வைத்து ஒருவரையும் சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் வந்த காலில் பொடிப்பொடியாக முடி ஒட்டியிருந்தது. அந்த ஒரு காலை மட்டும் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். எதிர்க்கடை செல்வம். எனக்கு நேர் எதிரே ஏசி போட்டுக் கடை திறந்த நாளிலிருந்து எங்களுக்குள் நல்ல பேச்சு கிடையாது. உட்காராமலே கடைச் சாவியைக் கேட்டார். தன் கடையில் வேலைக்கு ஆள் இருக்கிறார், காலை நேரம் மட்டும் என் கடையைத் தானே திறந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "பூட்டிக் கெடந்தா ஆளுக ஒங் கடைக்குத்தானேப்பா வருவாங்க?" என்றேன். "வருவாங்கண்ணே. வந்து ஒங்க பெருமையவே பேசிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அந்தத் தலைவலி எனக்கு வேணாம்" என்றார்.

குனிந்த தலையில் அழுகையை மறைக்க வழியில்லை. நேராகத் தரையில் சொட்டியது. செல்வம் காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்: "அழுவாதீங்கண்ணே, ஊத்துன சொட்டு மருந்தெல்லாம் வீணாப்போவுது."

ரசமட்டம்

நிமிரலாம் என்று சொன்னபோது வலது கண்ணில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் கலங்கல்தான். பயந்துவிட்டேன். பிறகு நாளாக ஆக, மேலே ஒரு கீற்று வெளிச்சம் திறந்தது. அதற்குக் கீழே தொட்டித் தண்ணீர் மாதிரி ஒரு கோடு. நடந்தால் அது தளும்பியது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மேலே தெரிகிற உலகம் அந்த அளவுக்குப் பெரிதானது. முதலில் உத்தரம், அப்புறம் காலண்டர், அப்புறம் வளர்மதியின் தலை. அதன்பின் கோடு ஒரு குண்டுமணி அளவுக் குமிழியாகி ஒரு காலையில் காணாமல் போனது.

இதையெல்லாம் கொத்தனார் கருப்பையாவிடம் கை வைத்துக் காட்டி விளக்கினேன். அவர் தன் பையிலிருந்து, சுவர் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தையே எடுத்து ஆட்டிப் பார்த்து, நான் சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு சந்தேகத்தோடு கேட்டார்: "எங்களுக்குக் குமிழி நடுவுல நின்னாத்தான் வேல சரி. ஒங்களுக்கு அது காணாமப் போனாத்தான் சரியா?"

பொட்டு

மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனேன். ஓட்டை மூடிவிட்டது என்று படத்தில் காட்டினார். எழுத்துப் பலகையில் சில வரிகள் படித்தேன், கீழ் வரிகள் வரவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு தன் முகத்தைப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணால் அவரை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

"பொட்டு தெரியுதுங்க டாக்டர். அரக்குக் கலர், சின்னதா" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்: "இந்த மாதிரி ஒருத்தர் வந்து சொன்னாப் போதும், அன்னைக்கு எனக்குக் காபிகூட வேணாம்."

முதல் சவரம்

வேலை செய்யலாம் என்று சொல்லியாகிவிட்டது. யார் முதலில் உட்காருவார்கள்? கடையைத் திறந்து, கத்தியில் புது பிளேடு மாட்டி வைத்துக்கொண்டு நின்றேன். வந்தவர்கள் விசாரித்தார்கள், பேப்பர் படித்தார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கழுத்து அவர்களுடையது.

பஸ் டிரைவர் சுப்பையா வந்தார். டூட்டிக்குப் போகிற சட்டையோடு நேராக நாற்காலியில் சாய்ந்து கழுத்தை நீட்டினார். அவருக்குத் தாடைக்குக் கீழே ஒரு மரு உண்டு. அதைச் சுற்றி அரை அங்குலம் ஜாக்கிரதையாகப் போக வேண்டும். நுரை போட்டேன். இடது கண்ணை மூடிப் பார்த்தேன். நுரைக்குள் மிளகு மாதிரி அந்த மரு தெரிந்தது. ஓரம் கொஞ்சம் நெளிந்திருந்தாலும், இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. இரண்டு கண்ணையும் திறந்து, மூச்சை அடக்கி, மருவைச் சுற்றி ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் வழித்து முடித்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்த சுப்பையாவிடம், பயமாக இல்லையா என்று கேட்டேன். தாடையைத் தடவிக்கொண்டு எழுந்தார்: "கீறுனா கீறட்டும் மாமா. கண்ணு வந்த சந்தோசத்துல கீறிட்டாருன்னு பஸ் பூராவும் சொல்லியிருப்பேன்."

இப்போதும் வலது கண்ணுக்கு நேர்க்கோடு லேசாக நெளிகிறது, பொடி எழுத்து படிக்க வராது. ஆனாலும் வருகிற முகங்களெல்லாம் முழு முகங்களாக வருகின்றன. டாக்டருக்கும் நர்ஸுக்கும் செல்வத்துக்கும் பெயர் கேட்காமல் விட்ட அந்த நாற்றுக்கார அம்மாவுக்கும் நான் பட்ட கடன் பெரிது. மொத்தத்தில், பார்வை திரும்பியதில் எனக்கு ஒரே ஒரு நஷ்டம்: என் கடை எவ்வளவு அழுக்கு என்பது இப்போது எனக்கும் தெரிகிறது.