கோழிக்கு முட்டி எந்தப் பக்கம்

கண்ணுகளா, செல்போனில் அந்தக் கோழிப் பாட்டு ஓடும்போதெல்லாம் "அப்பா, ஏன் எழுந்து வாசலுக்குப் போகிறாய்?" என்று கேட்டீர்கள். வாயால் சொல்ல வரவில்லை. எழுதி வைக்கிறேன்.

முட்டை வண்டி ஓட்டுவதற்கு முன் சேலத்தில் ஒரு சின்ன கார்ட்டூன் ஆபீசில் ரிக்கிங் வேலை பார்த்தேன். வேறொருவர் கம்ப்யூட்டரில் பொம்மை செய்து கொடுப்பார். அது அசையாமல் நிற்கும். அதற்குள் எலும்பு வைத்து, எதை இழுத்தால் எது அசைய வேண்டும் என்று கட்டிவிடுவது என் வேலை. அப்புறம்தான் பொம்மை நடக்கும். பன்னிரண்டாவதோடு நின்றவனுக்கு அது பெரிய வேலை. நம் பக்கத்தில் ரிக் என்றால் போர்வெல் போடும் வண்டிதானே. உங்கள் மாமா என்னைக் கண்டாலே, "ஏனுங்க மாப்ள, இன்னைக்கு எத்தன அடியில தண்ணி வந்துச்சு?" என்பார்.

வேலையில் என்னைச் சோதனைக்குத்தான் வைத்திருந்தார்கள். ஒரு பாட்டுக்கு வெள்ளைக் கோழி வேண்டும், அது சரியாக வந்தால் நிரந்தரம் என்றார் ஓனர். கோழிப்பண்ணையிலேயே வளர்ந்தவன், நான் போய்க் கோழியைப் பார்க்கணுமா என்று இருந்துவிட்டேன். ஆனால் என் கண்ணில் இருந்தது கூண்டுக் கம்பிக்கு வெளியே நீளும் கழுத்து மட்டும்தான். கழுத்துக்குப் பன்னிரண்டு எலும்பு வைத்தேன். காலுக்கு, மனுசனுக்கு வைப்பது போலவே, முட்டி முன்பக்கம் மடங்கும்படி வைத்துவிட்டேன்.

பக்கத்து சீட்டுப் பெண் அதை நடக்க விட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "கழுத்து அழகா இருக்குதுங்கண்ணா. ஆனா கோழி மண்டி போட்டு வேண்டுதல் பண்ணுதுங்க."

ஓனர் சிரிக்கவில்லை. "வியாழக்கெழமைக்குள்ள சரி பண்ணுங்க."

சேந்தமங்கலம் பக்கம் உங்கள் மாமா பண்ணைக்குப் போனேன். கூண்டிலிருந்து ஒரு கோழியை எடுத்துத் தரையில் விட்டார். படம் பிடிக்கப் போனைத் தூக்கினேன். அது நடக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து கழுத்தை மட்டும் நீட்டியது. பின்னால் தட்டிப் பார்த்தோம், இறக்கையை ஊன்றிச் சாய்ந்தது.

"கூண்டுலயே கெடந்ததுக்கு நடை எங்கீங்க மாப்ள தெரியும்? முட்டை கேளுங்க, போடும்" என்று அதைத் தூக்கி மறுபடி கூண்டில் போட்டார்.

திரும்பும் வழியில், பஸ் ஸ்டாப்பில் மேய்ந்த நாட்டுக்கோழியைப் படம் பிடித்தேன். பஸ் போய்விட்டது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் புரிந்தது, நாம் முட்டி என்று நினைப்பது அதன் கணுக்கால். நிஜ முட்டி மேலே இறகுக்குள் இருக்கிறது. ராத்திரி பகல் பார்க்காமல் கால் முழுவதையும் மாற்றிக் கட்டினேன்.

வியாழக்கிழமை போனால், ஓனர் கம்ப்யூட்டரில் வேறொரு வெள்ளைக் கோழி நடந்துகொண்டிருந்தது.

"சாஃப்ட்வேரே எலும்பு போட்டுருச்சுங்க. இனி உங்களுக்கு எதுக்கு செரமம்?"

"கழுத்து குச்சியாட்டம் நிக்குதுங்களே" என்றேன்.

"சின்னக் கொழந்தைங்க பாக்கறதுதானுங்க. இது போதும்."

நீங்கள் பார்க்கும் பாட்டில் வருவது அந்தக் கோழிதான். நீங்களும் கை தட்டிச் சிரிக்கிறீர்கள். போதும் என்று அவர் சொன்னதில் தப்பே இல்லை.

அன்றோடு என் வேலை முடிந்தது. எல்லோரும் சாப்பிடப் போனபின் என் கோழியைத் திறந்தேன். நான்கு அடி நடக்க வைத்தேன். கால் சரியாக மடங்கியது. பிறகு அதை உட்கார வைத்தேன். சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்பதை அழுத்தினேன்.