லம்பத்தில் நான் விரித்த குடை

அப்போது மலேசியாவில், எங்கள் அம்பாங்கில் ஈய லம்பங்கள் இருந்தன. லம்பம் என்றால் சுரங்கம். மண்ணைத் தண்ணீரால் அடித்து ஈயத்தைப் பிரித்துவிட்டு, மிச்சச் சேற்றைக் கால்வாயில் விடுவார்கள். அதை டூலாங் என்ற மரத்தட்டில் அலசி, தப்பி வந்த ஈய மணலை எடுப்பது பெண்கள் வேலை. அதற்கு பாஸ், அதாவது அரசாங்க அனுமதிச் சீட்டு, வேண்டும். வீட்டுக்காரர் லோரியில் அடிபட்டுப் படுத்திருந்த வருஷம் எனக்குப் பாஸ் கிடைத்தது.

முதல் நாள் கைக்குழந்தை செல்வியோடு போனேன். அவளைக் கரையில் படுக்க வைத்தேன். வெயில் ஏறியதும் குடையை விரித்து அவள் மேல் சாய்த்தேன்.

தண்ணீரில் நின்ற பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுக் கரையேறிவிட்டார்கள். மூத்தவரான சீன அம்மா மலாயில் சத்தம் போட்டார். அவரை எல்லாரும் ஆசோ என்று கூப்பிடுவார்கள்; சீனத்தில் அண்ணி என்று அர்த்தம். என்னைச் சேர்த்துவிட்ட பார்வதி அக்கா ஓடி வந்தார்.

"குடையை மடக்கு லா. லம்பத்துல குடை விரிச்சா ஈயம் ஓடிப் போயிரும்."

"பிள்ளை கருகிப் போயிரும் அக்கா."

"அப்ப வீட்டுக்குப் போ. உன்னால நாங்க சும்மா நிக்கணுமா?"

எனக்கு எதிர்த்துப் பேச வராது. குடையை மடக்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அன்று போயிருந்தால் மறுபடி வந்திருக்க மாட்டேன்.

ஆசோ "ஹோய்" என்றார். தன் பெரிய ஓலைத் தொப்பியைக் கழற்றினார். குச்சி நட்டு அதில் மாட்டி, நிழலில் பிள்ளையைப் படுக்க வைக்கச் சொன்னார். தலையில் ஈரத்துண்டோடு தண்ணீரில் இறங்கினார்.

"தொப்பிக்கு ஈயம் ஓடாதா அக்கா?"

"அதையெல்லாம் போய்க் கேக்காத" என்று பார்வதி அக்கா சிரித்தார்.

மறுநாள் ஆசோ இரண்டு தொப்பியோடு வந்தார்.

பிறகு ஈயத்துக்கு விலை இல்லாமல் போய் லம்பத்தை மூடினார்கள். ஆளுக்கொரு பக்கம் போனோம்.

இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த செல்வி போன மாதம் காரில் அங்கே கூட்டிப் போனாள். குழி ஏரியாகிவிட்டது. சுற்றிலும் மாடி வீடுகள். தூறல் விழுந்தது. குடையை விரித்தாள்.

"மடக்கு செல்வி. இங்க விரிக்கக் கூடாது."

"ஈயமே இல்லம்மா. யாரு கோவிச்சுக்கப் போறா?"

நான் தண்ணீரையே பார்த்தேன். அவளே மடக்கிவிட்டாள். இருவரும் நனைந்தபடி நின்றோம்.

"அந்த ஆசோ பேரு என்னம்மா?"

தெரியாது. ஏழு வருஷம் பக்கத்தில் நின்று அலசியிருக்கிறேன். கூச்சம், கேட்கவே இல்லை. வேலைக்குப் போகிற பிள்ளைகளே, உங்களுக்கு நிழல் கொடுத்தவரின் பெயரை அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்.