கேள்வி நின்றுபோன வீடு

நனைந்த கம்பளிக் கோட்டுகளை ஹீட்டர் மேல் காயப்போட்டுவிட்டு, அடுத்த அறையில் ரசத்துக்குத் தாளித்தால் ஒரு வாடை கிளம்பும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில், எர்லாங்கனில் வளர்ந்த எனக்கு இன்றைக்கும் பக்தி என்றால் அந்த வாடைதான். ஞாயிறு மதியம் மூப்பர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நாலைந்து குடும்பங்கள் சேருவோம். மூப்பர் என்பது எந்தச் சபையும் அவருக்குக் கொடுத்த பட்டமில்லை. தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தவர், அவராக எடுத்துக்கொண்டார், நாங்களும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

கூட்டம் முடிகிற நேரத்தில் "மடக்குக் கேள்வி" என்று ஒரு நாடகம் உண்டு. வேதத்தில் இயேசுவை மடக்கப் பார்த்த பரிசேயர், சதுசேயர், வேதபாரகர் எல்லாம் பிள்ளைகள் நாங்கள்; மூப்பர்தான் இயேசு. அந்த வேஷத்தை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. என் பங்குக்கு வந்தது சதுசேயரின் கேள்வி. உயிர்த்தெழுதலை நம்பாத கூட்டம் அது, நக்கலுக்காகவே கேட்டது: ஒருத்தியை அண்ணன் தம்பி ஏழு பேரும் ஒருவன் செத்தபின் ஒருவனாகக் கட்டினார்கள், மறுமையில் அவள் யாருக்குப் பெண்டாட்டி? நான் இடுப்பில் கை வைத்துக் கேட்பேன். மூப்பர் கண்ணை மூடிக்கொண்டு, அங்கே பெண் கொள்வதும் இல்லை கொடுப்பதும் இல்லை, எல்லாரும் தேவதூதரைப் போல இருப்பார்கள் என்பார். பிறகு விரலைத் தூக்கி, "அதுக்கப்புறம் ஒரு பயலுக்கும் கேள்வி கேக்க தைரியம் வரலை" என்று முடிப்பார். நாங்கள் கைதட்டுவோம்.

அப்பா ஒரு குளிர்காலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகையில் பனியில் சறுக்கி லாரிக்கு அடியில் போய்விட்டார். அம்மா ஊர் திரும்பவில்லை, ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். சில வருஷம் கழித்து, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஞானராஜ் மாமா அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். அம்மா சரி என்றாள். பாளையங்கோட்டையிலிருந்த அவருடைய அப்பா அம்மா மட்டும் ஒரு முடிச்சுப் போட்டார்கள்: அங்கே இருக்கிற மூப்பர் அண்ணாச்சி சம்மதித்தால் எங்களுக்கும் சம்மதம்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடகம் நடக்கவில்லை. அம்மாவை நடுவில் உட்கார வைத்தார்கள். மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எஸ்தர், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நாளைக்கு உயிர்த்தெழும்புத அன்னைக்கு நம்ம சாமுவேல் வந்து நிப்பான். இந்தா, ஞானராஜும் நிப்பான். நீ யாரு பக்கத்துல போயி நிப்ப?"

என் கேள்வி! எனக்குப் பாத்தியப்பட்ட கேள்வியை இந்த ஆள் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அம்மா தலையைக் குனியவில்லை. "ஏழு பேரைக் கெட்டுனவளுக்கே அங்க புருசன் கெடையாதுன்னு ஆண்டவரு சொல்லிட்டாரே, அண்ணாச்சி. வாராவாரம் நீங்கதானே சொல்லிக் குடுக்கியோ? ரெண்டு பேரைக் கெட்டுனவளுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

மூப்பரின் மனைவி ரோஸ் அத்தை களுக்கென்று சிரித்துவிட்டு முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. மூப்பர் காது வரை சிவந்துபோய், "ஜெபம் பண்ணுவோம்" என்றார். ஞானராஜ் மாமா தன் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் துள்ளிக்கொண்டு வந்தேன்; எங்கள் அம்மா மூப்பரையே மடக்கிவிட்டாளே! பாலத்தருகில்தான் எனக்கு உறைத்தது. "அப்போ அப்பா அங்க நமக்கு யாரும்மா?" என்று கேட்டேன். அம்மா நின்றாள். என் கழுத்துத் துணியை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினாள். 

அந்த வாரமே ஞானராஜ் மாமா வந்தார். ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"அண்ணாச்சிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரு, எஸ்தர். முடிஞ்சுபோவும்."

"எதுக்கு? பதில் தப்பா?"

"சரிதான். சரியாப் போனதுனாலதான் சொல்லுதேன்."

அம்மா கேட்கவில்லை. அவர் கார்ஹிங் என்ற வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

மூப்பர் வெற்றியாகச் சொல்லித்தந்த அந்தக் கடைசி வரி எங்கள் வீட்டுக்கு வந்து பலித்தது. அதன்பிறகு அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. காய்ச்சல் விட்டதா, அரிசி இருக்கிறதா, பிள்ளை எந்த வகுப்பு, கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா, எதுவும் இல்லை. கடையில் எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். இயேசுவிடம் கேள்வி கேட்பதை நிறுத்தியவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதை மட்டும் மூப்பர் எங்களை நடிக்கச் சொன்னதேயில்லை. கேள்வி நின்ற அதே வாரம்தான் இயேசு சிலுவையில் தொங்கினார்.

இப்போது எண்பதுகள் பிறந்துவிட்டன, நான் அதே ஊரில் கல்லூரியில் படிக்கிறேன். மூப்பர் குடும்பம் ஊர் திரும்பிவிட்டது, மற்றவர்கள் வேலை கிடைத்த இடத்துக்குச் சிதறினார்கள், மூப்பர் இருந்த மாடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அம்மா ஞாயிறுதோறும் ஜெர்மன் கோயிலுக்குப் போகிறாள். பிரசங்கம் அவளுக்குப் பாதி புரியாது. முடிந்ததும் போதகர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். அந்த வரிசையில் நிற்கத்தான் போகிறாள் என்று நினைக்கிறேன். நல்லா இருக்கேன் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு வந்துவிடுவாள்.

போன வாரம் வகுப்பு முடிந்து வந்து, புத்தகப் பையைக்கூட இறக்காமல், "சாப்ட்டாச்சாம்மா?" என்றேன். கேள்வி காதில் விழுந்ததும் அடுப்படியிலிருந்து சடாரென்று திரும்பினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, யாரும் வாராவளா?"